மறுநாள் நாயகன் எங்கே இருக்கிறான்?

ஒப்பிலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 'அலையும் இலட்சிய நாயகனையும் ஆளும் நாயகனையும் ஒப்பிடுக' என்று கேட்டால் வருவது ஒரே விடைதான். இடப்பக்கம் கனவு, தனிமை, தோல்வி. வலப்பக்கம் படை, நடைமுறை, வெற்றி. நூலைத் திறக்காமலே கட்டம் நிரம்பிவிடும். குணத்தை ஒப்பிடச் சொல்வதால் வரும் வினை இது. தீர்ப்புச் சொன்ன பிறகு நாயகன் அங்கே இருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

செர்வாண்டிஸின் ஸ்பானிய நாவல் 'டான் குயிக்ஸாட்' முதல் பாகம் (1605), 4ஆம் அத்தியாயம். ஆடு மேய்க்கும் பையனை மரத்தில் கட்டிவைத்து எசமான் விளாசுகிறான். ஒன்பது மாதச் சம்பளம் வேறு பாக்கி. தன்னை மாவீரனாக எண்ணிக்கொண்டு ஊர் ஊராக அலையும் குயிக்ஸாட் கட்டை அவிழ்க்க வைக்கிறான், கூலியைக் கொடுப்பதாகச் சத்தியம் வாங்குகிறான், குதிரையைத் தட்டிவிடுகிறான். அவன் தலை மறைந்ததும் பையனுக்கு முன்னைவிடப் பலத்த அடி. 31ஆம் அத்தியாயத்தில் எதிர்ப்படும் அதே பையன், என்னைக் கண்டதுண்டமாக வெட்டினாலும் உதவிக்கு வந்துவிடாதீர்கள் என்கிறான். நீங்கள் பாடத்தில் விடாமல் வைக்கும், காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி அவன் பாயும் காட்சியில் (8ஆம் அத்தியாயம்) இது கிடைக்காது. அங்கே அடிபடுவது நாயகனும் அவன் குதிரையும் மட்டும்தான்.

இதனோடு இரண்டாம் பாகத்தின் (1615) 45ஆம் அத்தியாயத்தை வையுங்கள். ஆளுநர் நாற்காலியில் குயிக்ஸாட்டின் பணியாள், எழுதப்படிக்கத் தெரியாத சான்சோ. பத்துப் பொற்காசு வழக்கு. கடன் வாங்கியவன் தன் கைத்தடியைக் கடன் கொடுத்தவனிடமே பிடிக்கத் தந்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று சத்தியம் செய்கிறான். ஆள் கிளம்பிய பிறகும் சான்சோ யோசிக்கிறான். திரும்பக் கூப்பிட்டுத் தடியை உடைக்கச் சொன்னால், காசு உள்ளே! இரண்டிலும் சத்தியம்தான். ஒருவன் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான், மற்றவன் உட்கார்ந்திருந்தான்.

ஆள்பவன்தான் வெல்வான் என்றும் எழுதவிடாதீர்கள். 53ஆம் அத்தியாயத்தில் பதவியை உதறும் சான்சோ கேட்பது கழுதைக்குக் கொஞ்சம் வாற்கோதுமை, தனக்குப் பாதிப் பாலாடைக்கட்டி, பாதி ரொட்டி.

கட்டத்துக்குள் அடங்காதவர்களும் உண்டு. பழைய மெசபடோமியக் காப்பிய நாயகன் கில்காமேஷ் அரசனாகவே அலைகிறான். இராமனோ காட்டில் இருக்கிறான். ஆனால் வாலி கேட்கும்போது வான்மீகியின் இராமன் சொல்லும் பதில், இந்த நிலம் இக்ஷ்வாகு குலத்தது, பரதன் ஆணையை நடத்துகிறோம் என்பது. இது அலைபவன் பேச்சா, ஆள்பவன் பேச்சா? வினாத்தாளில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு இதையே கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒப்பிலக்கியம் கற்பிப்போர் சிலர்