ஆடிக்காற்றும் நம்ம ஸ்டேடியமும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது, ஆனாலும் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்று பிடிவாதம். தென்னையில் வாடல் நோய் விட்டபாடில்லை; பொள்ளாச்சி சுத்துவட்டாரத்தில் எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். வெட்டின இடத்தில் ஜாதிக்காய் வைப்பதா, தீவனச் சோளம் போடுவதா என்று அப்பாவுக்கும் தம்பிக்கும் தினமும் பஞ்சாயத்து. உன் பெண்ணுக்கு ஜாதகம் எடுத்துவிட்டாயாமே, அதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? சரி, இருக்கட்டும்.

நீ கேட்டது ஸ்டேடியம் விவகாரம். பூங்காவை அழித்து இன்டோர் ஹால் கட்டப் போகிறார்களாமே, அதில் உன் கையும் இருக்கிறதாமே என்று குத்தலாக எழுதியிருந்தாய். என் கை இருப்பது உண்மைதான். ஆனால் நீ கேள்விப்பட்டது பழைய பிளான். பூங்காவின் மேற்கு ஓரத்தில் நிற்கிற வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரங்களை எடுத்துவிட்டு அங்கே ஹால், அதற்கு முன்னால் கார் நிறுத்தும் இடம், சுற்றி எட்டடி காம்பவுண்ட், வாசலில் ஆர்ச். ஆர்ச் இல்லாமல் நம்ம பக்கத்தில் எதைத்தான் கட்டியிருக்கிறோம்!

அந்த மரங்கள் போனால் மைதானமும் போச்சு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். பசுமை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் நான் பேசவில்லை. அதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். காற்றைப் பற்றித்தான் பேசினேன். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்புகிற காற்று ஆவணி வரை ஓய்வதில்லை. சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடம் அது, காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலை நிற்பது அதனால்தான். ஆடி மாதம் நாம் வாலிபால் ஆடும்போது மேற்கு லைனுக்கு வெளியே குறிவைத்து நீ சர்வீஸ் போடுவாய், பந்து வளைந்து உள்ளே வந்து விழும். எதிர் டீம்காரன் அவுட் என்று விட்டுவிட்டு முழிப்பான். அந்த மரங்கள் அப்போது இடுப்பளவு கன்றுகள்.

கூட்டத்தில் ஒருவர், மரம் எதற்கு, சுவரை இன்னும் நாலடி ஏற்றினால் காற்று நின்றுவிடுமே என்றார். நிற்காது. கெட்டிச் சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று கீழே விழும். சுவரை ஒட்டி ஆடுகிறவனுக்குத்தான் தொல்லை அதிகம். மரவரிசை பாதிக் காற்றை உள்ளே விட்டு மீதியைத் தடுப்பதால் சுழல் இல்லாமல் வேகம் மட்டும் குறைகிறது. மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை அந்த அடக்கம் இருக்கும். நாற்பதடி மரம் என்றால் நானூறு அடி. வாலிபால் கோர்ட்டும் ஓட்டப்பாதையில் பாதியும் அதற்குள் வந்துவிடும். வெளிக் கோர்ட்டுகளைத் தெற்கு வடக்காகத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் காலையும் மாலையும் ஒரு பக்கத்து ஆளுக்குக் கண்ணில் வெயில். அப்படிப் போட்டால் மேற்குக் காற்று குறுக்கே அடிக்கும். அதனால் அந்த மரங்களையும் நெட், போஸ்ட் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விளையாட்டு ஹால் பொதுக் காரியம்தான் என்று வாதாடலாம், ஆனால் கோர்ட்டுக்கு நடக்க யாருக்கும் ஆசையில்லை. அதைச் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்போது ஹால் வருவது மைதானத்துக்கும் பூங்காவுக்கும் நடுவில், பழைய சைக்கிள் ஸ்டாண்டும் பம்ப் ரூமும் இருந்த கான்கிரீட் தரையில். நடுவில் இருந்த சுவர் போகிறது. மரம் ஒன்றும் போகவில்லை.

உள்ளே நாலு ஷட்டில் கோர்ட். ஒரு கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1. சுற்றி விடுகிற இடத்தையும் சேர்த்தால் ஹாலின் அளவு தானாக வந்துவிடுகிறது. சிக்கல் உயரத்தில்தான். பெரிய போட்டி என்றால் தலைக்கு மேல் 12 மீட்டர் வேண்டும். பயிற்சிக்கு 9 மீட்டராவது. நாங்கள் 9 என்று முடிவு செய்து, தரையை ஐந்தடி இறக்கியிருக்கிறோம், பூங்காவில் நடக்கிறவர்கள் தலைக்கு மேல் கட்டடம் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று. அதற்குக் கீழே பாறை, வெடி வைக்க வேண்டியிருக்கும். தோண்டின மண்ணை வாலிபால் கோர்ட் ஓரத்தில் சரிவாகக் கொட்டி அருகம்புல் வைத்தால் அதுவே கேலரி.

ஷட்டில் காக் ஐந்து கிராம்தான், ஃபேன் காற்றுக்கே விலகும். மேற்கில் ஜன்னல் வைக்கவே முடியாது. வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கோயம்புத்தூர் மில்கள்தான் ஞாபகம் வந்தன. 1888இல் அங்கே முதல் நூற்பாலை வந்தது; அதன்பிறகு எழுந்த மில்களில் பலவற்றுக்கு ரம்பத்தின் பல்லைப் போல வரிசையாக ஏறி இறங்குகிற ரம்பப்பல் கூரை, அதில் வடக்குப் பார்த்த கண்ணாடி. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வெயில் மட்டும் உள்ளே விழக் கூடாது. ஷட்டில் ஆடுகிறவனுக்கும் அதேதான் தேவை. ஆனால் அது இங்கிலாந்துச் சரக்கு, அங்கே உச்சி வெயில் எந்த மாதமும் வடக்கிலிருந்து வராது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வெறும் 11 டிகிரி வடக்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மதியச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கிறது. ஜூனில் 12 டிகிரிக்கு மேல். அதனால் கண்ணாடியைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி, மேலே மூன்றடி தாழ்வாரம் இழுத்து, காலை மாலை வெயிலுக்குப் பக்கவாட்டில் பலகை கொடுத்திருக்கிறேன். பகல் பயிற்சிக்கு லைட்டே போட வேண்டாம். இந்தப் பிளானில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் உன்னைக் கொஞ்சம் படுத்திவிட்டேன்.

கூரை இருபதாயிரம் சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்குச் சுமார் பதினெட்டாயிரம் லிட்டர் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் நாலு மழை பெய்தாலும் போதும், பூங்காவில் வறண்டு கிடக்கிற நீரூற்றுத் தொட்டியை ஆழப்படுத்தி அதில் பிடித்துவிடலாம்.

பூங்காவைப் பார்த்த பக்கம் ஹாலின் நீளத்துக்கும் திண்ணை, ஒன்றரை அடி உயரம், ஆறடி அகலம். பிள்ளைகளைக் கூட்டி வருகிற அம்மாக்கள் இப்போது ஸ்கூட்டர் மேலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவர் இல்லையென்றால் பாதுகாப்பு போய்விடும் என்கிறவர்களுக்கும் என் பதில் இந்தத் திண்ணைதான். சுவருக்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியப் போகிறது? ஹாலுக்குப் பூட்டு ஹாலின் கதவிலேயே இருக்கட்டும்.

ஒரு நாள் விடியற்காலை அங்கே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, நடக்க வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. "ஏனுங்க சாமி, உள்ள பாத்ரூம் கட்டறீங்களே, அது எங்களுக்கும் உண்டுங்களா, இல்ல கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டுமுங்களா?" என்றார். அன்றைக்கே பெண்கள் கழிப்பறையைப் பூங்காப் பக்கத்துக்கு மாற்றி, வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு வைத்தேன். அதற்கு முன்னால் நடந்த எந்தக் கூட்டத்திலும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

ஆர்ச் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துத்தான் சுவரை எடுக்க வைத்தேன். செயற்கைப் புல் கேட்டு ஒரு கோஷ்டி சுற்றுகிறது. சித்திரை வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும், பிள்ளைகள் விழுந்தால் தோல் உரியும். அதைச் சொன்னால், அப்போ தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வாலிபால் தரையைச் செம்மண்ணாகவே விடட்டுமா, சிந்தெட்டிக் போடட்டுமா? போட்டிக்குப் போகிற பிள்ளைகள் சிந்தெட்டிக் கேட்கிறார்கள். டைவ் அடித்து முழங்கை தேய்ந்தவன் நீ, சொன்னால் கேட்டுக்கொள்வேன். மாதக் கடைசியில் எஸ்டிமேட் போகிறது, அதற்குள் எழுது. ஜாதக நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்பு. ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்