‘டிக்’ சத்தம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டயர் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து முறுக்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தால் மட்டும் போதாது. கூட்டம் நெரியும் பட்டறைகளில் முதலில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் கருவி) முழுக்க அடித்துவிட்டு, அப்புறம்தான் ரெஞ்சை வைத்து ‘டிக்’ கேட்க வைக்கிறார்கள். டொயோட்டா கொரோலா காருக்கு உரிய அளவு 103 நியூட்டன் மீட்டர். கன் ஏற்கெனவே 200-ஐத் தொட்டிருந்தாலும் 103-இல் வைத்த ரெஞ்ச் ‘டிக்’ என்றுதான் சொல்லும். இறுக்கம் குறையவில்லை என்பதற்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. மிஞ்சவில்லை என்பதற்கு அல்ல. நட்டு இம்மியும் திரும்பாமல் டிக் என்றால், கழற்றி மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சினால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) இழுபட்டு நீளும், மரை போகும். நட்டுக்கு நட்டு இறுக்கம் மாறினால் பிரேக் டிஸ்க் லேசாகக் கோணும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பிரேக் மிதிக்கையில் ஸ்டீயரிங் உதறும். அப்போது பழி டிஸ்க் மேல்தான் விழும்!

சக்கரம் மாட்டும்போது முதல் வேலை, ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது. நடுவில் சிக்கிய துரு பின்னால் பொடிந்தால் நட்டு தளரும். நட்டைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். கன்னால் தொடங்கினால் மரை ஏறுமாறாகப் பிடிக்கும். கன் தேவையென்றால் நட்டு உட்காரும் வரை மட்டும், குறைந்த வேகத்தில். டயர் தரையைத் தொடும்வரை ஜாக்கியை இறக்கி, எதிரெதிர் வரிசையில் பாதி அளவுக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு ஒரு சுற்று. டிக் கேட்டதும் நிறுத்த வேண்டும். ‘இன்னொரு தடவை’ கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து அந்தச் சக்கரத்தை முதல் நட்டிலிருந்தே தொடங்குவது நல்லது.

மரைக்கு எண்ணெய் தடவுவது இன்னொரு வழக்கம். முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது, மற்றதெல்லாம் உராய்வுக்கே போகிறது. எண்ணெய் பட்டால் அதே 103-இல் ஸ்டட் மேல் இழுவிசை எகிறிவிடும். கம்பெனி தனியாகச் சொல்லாதவரை மரை உலர்ந்தே இருக்கட்டும்.

எல்லா வண்டிக்கும் ஒரே அளவும் சரிவராது. ஃபோக்ஸ்வேகன் போலோவில் நட்டு கிடையாது, போல்ட், அதற்கு 120. அலாய் வீல் மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ரெஞ்சை வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும், அதால் நட்டைக் கழற்றவே கூடாது, வருடம் ஒருமுறை அளவு சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பட்டறை மேற்பார்வையாளர்,
கோவை