பால் சுரந்ததா என்று கேட்ட சிஸ்டருக்கு

அம்மா ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். நடந்தது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, காய்ச்சலும் வாந்தியுமாக அம்மாவைச் சேர்த்த அன்றிரவு அங்கே பணியில் இருந்த சிஸ்டருக்கு. எவ்வளவு சலைன் ஏற்றியும் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை. சோடியமும் அடிமட்டத்தில் இருந்தது. காய்ச்சலும் வாந்தியும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நனைந்த சேலையை மாற்றிவிட வந்த சிஸ்டர், அம்மாவின் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அக்குளில் ஒரு முடிகூட இல்லை. "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா? பால் சுரந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிப் பிள்ளை நான்தான். பெரியம்மாதான் பதில் சொன்னார்: "பிழைத்ததே பெரிதும்மா. ஒரு சொட்டுப் பால் வரவில்லை. இவளுக்குப் பசும்பால்தான் புகட்டினோம். அப்புறம் அவளுக்குத் தீட்டும் வரவில்லை."

சிஸ்டர் டாக்டரிடம் ஓடினார். ரத்த அழுத்தத்தைத் தாங்கும் ஹார்மோனான கார்டிசாலின் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் அதே ஹார்மோனை மருந்தாக, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனை நரம்பில் ஏற்றினார்கள். விடிவதற்குள் அழுத்தம் ஏறியது. அம்மா கண் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார்.

பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போனால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போகலாமாம். பால், தீட்டு, கார்டிசால் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதானாம். ஷீஹான் என்ற மருத்துவர் 1937-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுத்த அம்மாவுக்கு இத்தனை வருடமும் சத்து டானிக்தான் கிடைத்தது. சோம்பேறி என்ற பேச்சையும் வாங்கினார். நினைத்தால் வயிறு எரிகிறது.

நள்ளிரவில் கல்மண்டபம் வழியாகப் பறந்த ஆட்டோ அண்ணனுக்கும், ஸ்கேனுக்கு வரிசையில் நின்ற மாமாவுக்கும், என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தெருப் பெண்களுக்கும், பணத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஏலக்கூடத்து ஆட்களுக்கும் எங்கள் கும்பிடு.

இனி ஆயுள் முழுக்க கார்டிசாலுக்கு ஈடாக மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு அளவு. வாந்தி நிற்காவிட்டால் உடனே ஊசி. இதையெல்லாம் எழுதிய அட்டை அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. எங்கள் தெருவில் ரத்தம் நிறையப் போய்ப் பிள்ளை பெற்று, பால் சுரக்காமல் சோர்ந்து கிடக்கும் பெண் யாராக இருந்தாலும், இனி நானே கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன்.

சிஸ்டர், செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனைக்கு வருகிறோம். அம்மா உங்களுக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்து வருகிறாராம். எந்த வார்டில் இருப்பீர்கள்?