பாஞ்ஞோ மரியா டபுள் பாய்லர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வந்த ஸ்பானிஷ் ஃப்ளான் (முட்டையும் பாலும் சேர்த்துச் செய்கிற புட்டிங்) சமையல் குறிப்பில், வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வேகவைக்கிற 'பாஞ்ஞோ மரியா' முறைக்கு ஆங்கிலத்தில் 'டபுள் பாய்லர்' என்று போட்டிருந்தீர்கள். ஃப்ளானைப் பொறுத்தவரை அது தவறு. டபுள் பாய்லரில் மேல் பாத்திரத்தைத் தண்ணீர் தொடாது, ஆவிதான் சூடேற்றும். சாக்லேட் உருக்க அது போதும். ஃப்ளானுக்கோ, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் நிற்கிற தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ள வேண்டும், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஓரத்து முட்டை திரியாமல் நடுப்பகுதியோடு சேர்ந்து மெல்ல இறுகும். குறிப்பை நம்பி அடுப்பின் மேல் வைத்தேன். ஓரமெல்லாம் பொத்தல் பொத்தலாகிவிட்டது, நடுவில் கரண்டி விட்டால் பால் ஊறி வருகிறது. ஆறு முட்டை வீண்.

'வாட்டர் பாத்' என்றாவது போடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலச் சமையல் புத்தகங்களே எடுத்துக்கொண்ட பிரெஞ்சுச் சொல் 'பேன்-மரி' இருக்கிறதே, மொரிஷியஸில் பிரெஞ்சு கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்கவே வேண்டாம். அப்புறம், அந்த மரியா அலெக்சாந்திரியாவின் பழங்கால ரசவாதியான யூதப் பெண் என்பார்கள். 'பேன்-மரி' என்றால் அவர் பெயரும் கூடவே வரும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு திருத்தம் போட்டுவிடுங்கள், பண்டிகைக்கு நிறைய பேர் செய்து பார்ப்பார்கள்.

ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்