செபம் சொன்னதும் புயல் ஓய்ந்துவிட வேண்டுமா?

கிறிஸ்தவச் சிறுவர் நூல்களைப் பதிப்பிக்கிறவர்களுக்கும், மறைக்கல்வி, ஓய்வுநாள் பள்ளிப் பாடங்களை வகுக்கிறவர்களுக்கும் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தந்தையரே, சகோதரிகளே, போதகர்களே, பதிப்பாசிரியர்களே,

பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சாகசக் கதை எழுதுகிறவன் நான். புயல், தீவு, கடத்தல்காரன், காணாமல் போன வள்ளம் எல்லாம் என் கதைகளில் வரும். ஞாயிறு பூசையும் இரவுச் செபமாலையும் வரும். விசுவாசத்தைக் கதைக்குள் வைப்பதில் எனக்குக் கூச்சமே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையின் ஒரு நாளை அது இல்லாமல் எழுதினால்தான் பொய்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்திலிருந்து என் கதை திரும்பி வந்தது. கூடவே அன்பான ஒரு குறிப்பு. நடை நன்றாக இருக்கிறதாம், கடல் விவரங்கள் புதிதாக இருக்கின்றனவாம். ஆனால் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் பையன் முழங்காலில் நின்று உருக்கமாகச் செபிக்க வேண்டும், கடைசி அத்தியாயத்தில் அவன் அப்பா கரை சேர்ந்துவிட வேண்டும். "செபத்தின் பலனைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் அல்லவா?" என்று முடித்திருந்தார்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதே குறிப்பை, கிட்டத்தட்ட இதே சொற்களில், எழுதுகிற நண்பர்கள் சிலரும் வேறு இடங்களிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்குத் தனியாகப் பதில் போடாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இந்தக் கரையில் ஒரு மறைக்கல்வி வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்தியின் அப்பாவை, எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கும்; ஆள் யாழ்ப்பாணம் சிறையில், படகும் அங்கேதான். இன்னொருவனின் சித்தப்பா கடலுக்குப் போனவர் போனவர்தான்; வள்ளம் மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்திருக்கும். அந்த வீடுகளில் செபம் நடக்காமலா இருந்தது? பாட்டி உபவாசம் இருந்திருப்பாள், தெருவே கூடி ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லியிருக்கும். அந்தப் பிள்ளையின் கையில், "ராஜன் கண்ணீரோடு செபித்தான், காற்று அடங்கியது, அப்பா வந்துவிட்டார்" என்று முடிகிற புத்தகத்தைக் கொடுக்கிறோம். அவள் என்ன கணக்குப் போடுவாள்? ராஜன் கேட்டது கிடைத்தது, நான் கேட்டது கிடைக்கவில்லை, அப்படியானால் என் செபத்தில்தான் ஏதோ கோளாறு. விசுவாசம் வளர வேண்டும் என்று எழுதிய கதை அவள் விசுவாசத்தின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போகிறது.

உங்களுக்கு இறையியல் சொல்லித்தர நான் ஆளில்லை. எங்கள் மாவட்டத்து வரலாற்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். போர்த்துக்கல்லிலிருந்து வந்த குரு ஜான் டி பிரிட்டோ, நாம் அருளானந்தர் என்கிறவர், 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பிறகு அந்நாட்டு அரசர் சேதுபதி அவரை விடுவித்து, இந்த நாட்டுப் பக்கம் வரக்கூடாது என்று அனுப்பினார். ஐரோப்பா போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி பிடித்தார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அதே மனிதர், அதே செபம். முதல் முறை விடுதலை, இரண்டாம் முறை வாள். முதல் முறை மட்டும் அவருக்கு விசுவாசம் கூடுதலாக இருந்தது என்று யாராவது சொல்வோமா? 1947-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததே அந்த இரண்டாம் முறையை வைத்துத்தானே. அவர் இரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறோம். கதை என்று வந்தால் மட்டும் எல்லோரும் தப்பித்துவிட வேண்டும் என்கிறோம்.

(இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காகத் தம் மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் போய் முறையிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. நம் சிறுவர் புத்தகங்களில் அந்தப் பெண் வெறும் வில்லி. எந்தத் தப்பும் செய்யாமல் ஒரே நாளில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவளின் பக்கமிருந்து ஒரு பக்கமாவது எழுதினால் அருளானந்தரின் புனிதம் குறைந்துவிடாது.)

மண்டபம் பக்கத்து வேதாளையும் அப்படித்தான். 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு அங்கே கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். இராமேசுவரத்துக்குப் போன இந்து யாத்திரிகர்களை மறித்து, அங்கிருந்த போர்த்துக்கீசியர்கள் தீர்வை பிடுங்கியதால் வந்த சண்டை அது. அவர் படகேறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றுவதற்காகக் கரையிலேயே நின்றார். சாகசக் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதை எழுதும்போது தீர்வைக் கதையை வெட்டிவிடச் சொல்வீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். வெட்டிவிட்டால் மிஞ்சுவது காரணமில்லாமல் பாய்ந்து வந்த ஒரு கூட்டமும் ஒரு நல்லவரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "நம்மாட்கள் செய்த தப்புக்கு ஒரு நல்ல மனிதர் உயிரைக் கொடுத்தார்" என்பது புரியும். அதைத் தாங்கவும் தெரியும்.

வேதாகமத்திலிருந்தே மாதிரி வேண்டும் என்றால் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த சாகசக் கதைகளில் அதற்கு நிகராக ஒன்றைச் சொல்ல முடியாது. கைதியாகக் கப்பலில் ரோமுக்குப் போகிற பவுல், பயணம் ஆபத்து என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். மாலுமியும் கப்பல்காரரும் சொன்னதைத்தான் நூற்றுவர் தலைவன் நம்புகிறான். காற்று மாறுகிறது. இரவில் ஆழம் பார்க்கிறார்கள்: பழைய மொழிபெயர்ப்பில் முதலில் இருபது பாகம், கொஞ்சம் போனபின் பதினைந்து பாகம். எங்கள் ஆட்கள் இன்றும் பாகக் கணக்கில்தான் ஆழம் சொல்கிறார்கள் என்பதால் இந்த வரியை வாசித்ததும் வகுப்பில் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கரை நெருங்குகிறது, பாறை இருக்கலாம் என்று ஆசிரியர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பின்பக்கம் நான்கு நங்கூரம் போட்டுவிட்டு விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். மாலுமிகள் சிறு படகை இறக்கி நழுவப் பார்க்கிறார்கள். பவுல் சொன்னதும் வீரர்கள் கயிற்றை வெட்டுகிறார்கள். கோதுமையைக் கடலில் கொட்டுகிறார்கள். தேவதூதன் வந்து உயிர்ச்சேதம் இருக்காது என்று வாக்குக் கொடுத்த பிறகும் காற்று அடங்கவில்லை! கப்பல் உடைகிறது, சரக்கு போகிறது. 276 பேரும் நீந்தியும் பலகையைப் பிடித்தும் கரையேறுகிறார்கள். வாக்குறுதியும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது, நடுவில் எல்லோருக்கும் கை நிறைய வேலையும் இருக்கிறது.

அந்த வேலையைத்தான் நாம் பிள்ளைகளின் கதைகளிலிருந்து எடுத்துவிடுகிறோம். எங்கள் பங்கு நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை வகுப்பில் வாசித்தோம். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடுகிறது, படகில் இருக்கிற நாலு பேரும் கைகோத்துச் செபிக்கிறார்கள், இன்ஜின் தானே ஓடத் தொடங்குகிறது. ஒரு பையன் கையைத் தூக்கினான். "செபம் சொல்லட்டும் மாமா, வேண்டாம்னு சொல்லல. அதுல ஒருத்தன் போயி டீசல்ல தண்ணி ஏறியிருக்கான்னு பாக்க வேண்டாமா?" வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் அப்பா அதைத்தான் செய்வார், மாதா பேரைச் சொல்லிக்கொண்டே செய்வார்.

அதே அலமாரியில் மொழிபெயர்ப்புக் கதைகள் நிறைய. பனி, கோட்டை, இஞ்சி பிஸ்கட், விடுமுறைக்குத் தீவுக்குப் போகிற நான்கு பிள்ளைகள். அதைப் படித்துவிட்டு ஒரு சிறுமி கேட்டாள், "தீவுக்குப் போக ஃபாரஸ்ட்காரங்க விட்டாங்களா?" மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. குருசடைத் தீவு கண்ணுக்கு எதிரே இருந்தாலும் நினைத்த நேரத்தில் காலை வைக்க முடியாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்ற நாளிலேயே தெரியும். படங்களைப் பற்றிப் பேச வேண்டாம்; செம்பட்டை முடிக்காரப் பேதுரு எங்கள் கரையில் யாருக்கும் சொந்தக்காரர் மாதிரி இல்லை.

சரி, விசுவாசத்தைக் கதையில் எங்கேதான் வைப்பது? பிள்ளை எடுக்கிற முடிவில் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு கதை சொல்கிறேன். கடற்பாசி எடுக்கிற அம்மாவுக்கு உதவியாகப் போகிற பெண் பிள்ளை. விரல்களில் துணிப்பட்டை சுற்றி, ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டு, இடுப்பளவு நீரிலிருந்து முங்கி எழுந்து பழகியவள். ஒரு நாள் கரையோர உடைமரக் காட்டுக்குள் ஒரு சாக்கு கிடக்கிறது. உள்ளே கடல் அட்டை. 2001-இலிருந்து பிடிக்கவே கூடாத பிராணி. இருந்தாலும் அக்கரைக்கு, இலங்கைக்கு, கடத்தினால் நல்ல காசு. சாக்கின் வாயைக் கட்டியிருக்கிற கயிற்று முடிச்சைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, இது தாய்மாமன் கட்டு. அவளுடைய பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவர் அவர்தான். அவள் அன்று இரவு செபிப்பாள்தான். பதிலாகக் குரல் எதுவும் வராது. காலையில் எழுந்து அவள் என்ன செய்கிறாள், அதனால் வீட்டில் என்ன ஆகிறது என்பதுதான் கதை. இதில் புயலே வேண்டாம், அவ்வளவு பயம் இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள், சுருக்கமாக. வில்லனுக்கு வேறு மதத்துப் பெயர் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கரை சேர்ந்த பவுலையும் மற்றவர்களையும் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி வரவேற்ற மால்ட்டாக்காரர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எந்தெந்த மதத்தார் வருகிறார்கள் என்று ஜூலையில் ஒருமுறை வந்து பாருங்கள். வள்ளம் ஒன்று திரும்பவில்லை என்றால் தேடப் போகிற படகில் யாரும் மதம் கேட்டு ஆள் ஏற்றுவதில்லை.

அற்புதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே நம்ப முடியாத வகையில் தப்பி வந்தவர்களை இந்தக் கரையில் தெரியும். அதையும் எழுதுவோம். ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடல் அடித்துச் சென்ற அந்த ரயிலிலும் அந்தக் கோயிலைச் சுற்றியும் இருந்தவர்களும் செபிக்கத் தெரிந்தவர்கள்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நாம் எழுதுகிறோம்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பும் முன் பிள்ளைகள் நடுவில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அதற்கு நல்ல காலம் மே மாதம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், விடுமுறை விவிலியப் பள்ளியும் நடக்கும். அப்பாமாரையும் பின்வரிசையில் உட்கார வையுங்கள். காற்றின் திசையைத் தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். திருப்பி அனுப்பப்பட்ட என் கதையை, அப்பா திரும்பாத அதே கடைசி அத்தியாயத்தோடு, நானே வந்து வாசிக்கிறேன். பிள்ளைகள் கேட்டுவிட்டு இது பிடிக்கவில்லை, மாற்றுங்கள் என்றால் மாற்றி எழுதுகிறேன். அவர்களைக் கேட்காமல் மாற்றச் சொன்னால் மாட்டேன். எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள். பஸ் செலவு என்னுடையது.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு கதைக்காரன்