வாரை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், முதன்முறை போகிறவர்களுக்கான அரைநாள் ராஃப்டிங் (சீறி ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போவது) பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. "லைஃப் ஜாக்கெட் இருப்பதால் நீச்சல் தெரியாதவர்களும் பயமின்றிப் போகலாம்" என்று அதில் ஒரு வரி. பக்கத்திலிருந்த படத்தில், படகின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஜாக்கெட்டில் கீழ் வார் மாட்டப்படாமல் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 26 வருடமாகத் தையல் வேலை செய்கிறவள். ஒரு உடுப்பு உடம்போடு நிற்கிறதா, சும்மா தொங்குகிறதா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நீச்சல் தெரியாது. மகளோடு இரண்டு முறை ராஃப்டிங் போயிருக்கிறேன்.

முதல் முறை எங்கள் வழிகாட்டி கரையிலேயே முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று இடுப்பு வாரை முதலில் இறுக்கி, அப்படியே மேல்நோக்கி ஒவ்வொன்றாக இறுக்கினார். பிறகு ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காதுவரை ஏறினால் மறுபடி இறுக்கினார், அல்லது வேறு அளவு கொடுத்தார். ஹெல்மெட் பின்னந்தலைக்குச் சரியாமல் நெற்றியை மூடி உட்கார வேண்டும் என்றார். பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும், செயற்கை இழைத் துணி சீக்கிரம் உலரும் என்று அவர் சொன்னபோது, என் தொழில் சங்கதியை ஆற்றங்கரையில் ஒருவர் பேசுகிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

துடுப்பின் நுனியில் டி வடிவத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதிலிருந்து கை எடுக்கவே கூடாது. எடுத்தால் அது பக்கத்திலிருப்பவர் பல்லில்தான் போய் இடிக்கும். முன்னால் துழாவு, பின்னால் துழாவு, நிறுத்து, உள்ளே குனிந்து கயிற்றைப் பிடி என்று நான்கைந்து கட்டளைகள். அவ்வளவையும் தரையில் நின்ற படகிலேயே உட்காரவைத்துப் பழக்கினார். நீரோட்டத்தின் வேகத்தையும் கடினத்தையும் வைத்து 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்களாம். புதியவர்களை 2, 3 என்ற தரத்திலேயே கூட்டிப்போவது வழக்கம். மழை பெய்து தண்ணீர் ஏறினால் அதே இடம் வேறு தரமாகிவிடும் என்பதையும் சொன்னார்.

ஆறு பாறைகளுக்கிடையில் சீறிப் பாயும் மூன்றாவது இடத்தில் நான் படகிலிருந்து விழுந்தேன். தண்ணீரின் குளிர் நெஞ்சில் அடித்தது, மூச்சு தானாக இழுத்துக்கொண்டது. கரையில் நூறு தடவை கேட்ட வார்த்தைதான் அப்போது காதில் இருந்தது: எழுந்து நிற்காதே. முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று கால் ஊன்றினால், பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நான் மல்லாந்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரிய, ஓட்டம் போகிற திசையில் காலை நீட்டிக்கொண்டேன். விழுந்தவரை இழுக்க எறியும் கயிற்றுப் பை என் பக்கத்தில் வந்து விழுந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், மார்போடு சேர்த்துப் பிடித்தேன். படகருகே வந்ததும் வழிகாட்டி என் ஜாக்கெட்டின் தோள் வார்கள் இரண்டையும் பற்றி ஒரே இழுப்பில் உள்ளே போட்டார்.

ஆசிரியர் அவர்களே, சொல்ல வந்தது இதைத்தான். தண்ணீரில் இருப்பவரைப் படகுக்குள் இழுப்பது ஜாக்கெட்டைப் பிடித்துத்தான். அது மிதப்பதற்கு மட்டுமல்ல, நம்மைத் தூக்குவதற்கான பிடியும் அதுதான்.

இரண்டாம் முறை வேறொரு நிறுவனத்தோடு போனோம். குவியலிலிருந்து ஆளுக்கொரு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் படகு தண்ணீரில். என் ஜாக்கெட்டையும் மகளுடையதையும் நானே இறுக்கினேன், எதிரில் இருந்த பையனிடமும் சொன்னேன். "ரொம்பப் பிடிக்குது ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டுத் தளர்த்தியே வைத்துக்கொண்டான். நடுவழியில் விழுந்தான். தோளைப் பிடித்து இழுத்தால் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி அவன் முகத்தை மூடிக்கொண்டது, ஆள் கீழேயே இருந்தான். மூன்று பேர் குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். கரை சேரும்வரை அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவனை இன்னும் கொஞ்சம் அதட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த அரைநாள் தந்த மகிழ்ச்சியை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் "லைஃப் ஜாக்கெட் இருக்கிறது" என்பதோடு, "தோளைத் தூக்கிப் பார்த்தால் ஏறக்கூடாது, ஏறினால் படகில் கால் வைக்காதீர்கள்" என்ற ஒரு வரியையும் தயவுசெய்து அச்சிடுங்கள். அடுத்த முறை படத்தையும் வார்களை மாட்டிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

மகள் அடுத்த மாதம் தோழிகளோடு மறுபடி போகிறாள். அவர்களில் இருவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்களாம்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி