படிகம் வளராத வருடங்களும் ஆய்வுதான்: முனைவர் பட்ட ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

புரதப் படிகங்களோடு ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் நான்கு வருடம் ஒன்றுகூட வளரவில்லை. வருடாவருடம் குழு கூடும்போதெல்லாம் "ரிசல்ட் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. காட்ட எதுவும் இல்லாமல் நின்றிருக்கிறேன். ஆனால் பையில் மூன்று தடி நோட்டுகள் இருந்தன, எந்த உப்பில், எந்த அமிலத்தன்மையில், எத்தனை டிகிரியில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வரி எழுதி வைத்தவை. அவற்றைத் திறந்து காட்டும்படி ஒருவரும் சொல்லவில்லை.

வேறு துறையிலிருந்து குழுவுக்கு வருபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு புரதத்தின் அமைப்பை, அதாவது அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அது சிதறி விழும் புள்ளிகளிலிருந்து கண்டுபிடிக்கிறோம். ஆனால் ஒற்றைப் புரத மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ் கதிர் மிக மிக மங்கலானது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே மாதிரி அடுக்கி நின்றால்தான் பதிவு செய்யும் அளவுக்குப் புள்ளிகள் விழும். அந்த அடுக்குதான் படிகம். ஒரு மைக்ரோலிட்டர் புரதக் கரைசலோடு அதே அளவு உப்புக் கரைசலோ பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலோ கலந்து மூடி வைத்து, சொட்டிலிருந்து நீர் மெல்ல வெளியேறக் காத்திருக்க வேண்டும். ஒரு பிளேட்டில் 96 குழி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இல்லையென்றால் பால் திரிந்த மாதிரி ஏதோ படிந்து கிடக்கும். ஒருநாள் பளிச்சென்று ஒன்று தெரியும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஊசியால் தொட்டால் கெட்டியாக இருக்கும். அது உப்பு. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால் தொட்டதும் நசுங்கிவிடும். ஒரு மே மாத இரவில் கரண்ட் போய் அறை சூடேறியதில் மூன்று மாதச் சொட்டுகள் மொத்தமும் வீணாயின. அதையும் நோட்டில் எழுதினேன்.

இந்தத் துறை தொடங்கியதே ஒரு தோல்வியைச் சரியாகப் புரிந்துகொண்டதில்தான். புரதப் படிகத்தை வெளியே எடுத்து உலரவிட்டு எக்ஸ் கதிரில் வைத்தவர்களுக்கு உருப்படியான படம் கிடைக்கவே இல்லை. 1934-இல் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் பெர்னாலும் டோரதி கிரோஃபுட்டும் (பின்னாளில் ஹாட்ஜ்கின்) பெப்சின் என்ற செரிமானப் புரதத்தின் படிகத்தை அது வளர்ந்த திரவத்தோடு ஈரமாகவே வைத்துப் படமெடுத்தார்கள், புள்ளிகள் விழுந்தன. அடுத்த வருடமே ஹாட்ஜ்கின் இன்சுலின் படங்களை வெளியிட்டார், ஆனால் அதன் முழு அமைப்பு தெரிய 1969 ஆயிற்று. அந்தக் கடைசிக் கட்டத்தில் அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் உழைத்தவர்களில் ஒருவரான எம். விஜயன்தான் பிறகு பெங்களூருக்குத் திரும்பி இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தார். முதன்முதலில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்த கெண்ட்ரூவுக்குக் குதிரையின் மையோகுளோபின் (தசையில் உள்ள புரதம்) போதுமான அளவு பெரிய படிகம் தரவில்லை, பல விலங்குகளில் முயன்ற பிறகுதான் திமிங்கிலத்தில் அமைந்தது. செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை எடுத்துக்கொண்டால், விஞ்ஞானி அடா யோனத்தின் முதல் படிகங்கள் 1980 வாக்கில் வந்தன, அணுக்களின் இடம் தெரியும் அளவுக்குப் படம் கிடைக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது அந்த வேலைக்குத்தான். இவர்களில் யாரையாவது மூன்றாம் வருடத்தில் ஒரு அறைக்குக் கூப்பிட்டு எத்தனை கட்டுரை என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

சரி, இப்போதுதான் புரதத்தின் அமைப்பைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, படிகம் எதற்கு என்று போன வருடம் ஒரு குழுவில் கேட்டார்களாம். அந்த மென்பொருளை நான் மதிக்கிறேன். எனக்கே அது உதவியது: எக்ஸ் கதிர்ப் புள்ளிகளில் கதிரின் வலிமைதான் பதிவாகும், கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது) பதிவாகாது, அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க அதன் மாதிரியைத்தான் தொடக்கமாக வைத்தேன். ஆனால் ஒரு மருந்து மூலக்கூறு என் புரதத்தின் குழிக்குள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் எந்த நீர் மூலக்கூறு நிற்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல எனக்குப் படிகம்தான் வேண்டியிருந்தது. இன்னொன்று, ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டதே 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்துதான். எல்லாரும் தங்கள் முடிவுகளை அங்கே பொதுவில் வைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று. எந்தச் சொட்டில் படிகம் வளரும் என்பதை மட்டும் இன்றைக்கும் நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு பெரிய காரணம், வளராத சொட்டுகளின் கணக்கை நாம் தூக்கி எறிந்துகொண்டே வந்ததுதான் என்பது என் எண்ணம்.

அதனால் கேட்கிறேன். வளராத நிலைமைகளின் முழுப் பதிவையும் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக ஏற்றுக்கொள்ளுங்கள், பின்னிணைப்பாக ஒதுக்க வேண்டாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிலிருந்தும் கேள்வி கேளுங்கள்: ஏன் இந்த வெப்பநிலை, ஏன் புரதத்தின் வால் பகுதியை வெட்டினாய், எதை வைத்து அடுத்த முயற்சியை முடிவு செய்தாய் என்று. வேலை தெரிந்தவரா இல்லையா என்பது அந்தப் பதில்களில் தெரிந்துவிடும். அப்புறம், படிகம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் உதவித்தொகையை நிறுத்தாதீர்கள்.

போன மாதம் என் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு மாணவி பேசினாள். நான் நான்கு வருடம் போராடிய அதே புரதக் குடும்பத்தில்தான் அவளுக்கும் வேலை. எட்டு மாதமாக என்னென்ன போட்டுப் பார்த்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். பாதிக்கு மேல் என் இரண்டாவது நோட்டில் இருப்பவை. என் ஆய்வேட்டில் அவற்றுக்கு இடம் தரப்படவில்லை, அதனால் அவளுக்குத் தெரிய வழியில்லை. நோட்டுகளை அன்றைக்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவளுடைய குழு இந்த டிசம்பரில் கூடுகிறது. அந்தப் பக்கங்களையும் அவள் எடுத்து வருவாள், தயவுசெய்து பாருங்கள்.